நச்சுக் கழிவும் ஊராட்சியும்

மனிதர் வாழும் இடமெல்லாம் கழிவு உண்டு. அடுப்பு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். காய் அரிந்தால் தோல் மிஞ்சும். முன்னாளில் இவற்றை வீட்டின் பின்புறத்து எருக்குழி ஏற்றுக்கொண்டது. அங்கே மட்கியவை உரமாகி வயலுக்குச் சென்றன. ஆதலின், கழிவை எங்கே இடுவது என்னும் கேள்வி ஊராரைப் பெரிதும் வருத்தவில்லை. தொழிற்சாலைகள் பெருகியபின் நிலைமை மாறியது. தோல் பதனிடும் இடத்தில் குரோமியம் கலந்த சேறு மிஞ்சுகிறது. பூச்சிமருந்து ஆலையிலும், சாயப் பட்டறையிலும், உலோகங்களுக்கு முலாம் பூசும் கூடத்திலும் பல்வகை வேதிப்பொருள்கள் எஞ்சுகின்றன. இவை எருக்குழியில் இட்டால் மட்குவன அல்ல. இட்ட மண்ணையும் கெடுப்பவை. இவற்றையே நச்சுக் கழிவு என்பர்.

எளிதில் தீப்பற்றுவது, தொட்ட பொருளை அரிப்பது, வேறொன்றோடு சேர்ந்தவழி வெடிப்பது, உயிர்களுக்கு நஞ்சாவது என நச்சுக் கழிவின் இயல்பை நால்வகையாகப் பிரிப்பர். இந்நான்கனுள் ஒன்று இருப்பினும் அக்கழிவைக் குப்பைமேட்டில் கொட்டுதல் ஆகாது. அதனை அடக்குதற்கு இரு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. ஒன்று, 1,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் எரியுலையிலிட்டு எரித்தல். மற்றொன்று, நிலத்தை அகழ்ந்து, அடியில் களிமண்ணும் நெகிழித் தாளும் அடுக்கடுக்காகப் பரப்பி, அதன்மேல் கழிவை வைத்து மூடுதல். இவ்வாறு அமைவது காப்புப் புதைகுழி. குழியின் அடியில் கசியும் நீரைக் குழாய் வழியே வெளியேற்றித் தூய்மை செய்தலும் வேண்டும்.

இரு வழிக்கும் இடம் வேண்டும். அவ்விடம் எத்தகையதாக இருத்தல் வேண்டும்? நிலத்தடி நீர் ஆழத்தில் இருத்தல் நன்று. மண் நீரை எளிதில் உட்புகவிடாத களியாக இருத்தல் நன்று. வெள்ளம் ஏறாத மேடாகவும், குடியிருப்புக்குச் சேய்மையிலும், லாரிகள் இடரின்றிச் சென்றுவரத்தக்க சாலையின் அருகிலும் அமைதல் நன்று. இவற்றையெல்லாம் ஆராய்ந்து கூறுதல் அறிவியலாரின் பணி. ஆனால், அவர்கள் ஆய்வு முடிந்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கும். தகுதியுடைய இடங்கள் பல இருக்க, இந்த ஊரே இச்சுமையைத் தாங்குக என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

இக்கேள்வி கடினமானது. தொழிற்சாலையின் பயனை நாடு முழுவதும் நுகர்கிறது; அதன் கழிவோ ஓர் ஊரின் எல்லையில் வந்து தங்குகிறது. பயன் பலர்க்கும், பழுது சிலர்க்கும் ஆகுங்கால், அச்சிலர் மறுத்துரைத்தல் இயல்பே. அதற்காக ஒவ்வோர் ஊரும் ‘எம் எல்லையில் வேண்டா’ என்று கதவடைத்துவிட்டால் கழிவு மறைந்துவிடுவதும் இல்லை. அஃது இரவில் ஆற்றிலும் ஓடையிலும் சாலையோரத்திலும் போய்ச் சேரும். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த வரலாறு ஒன்று சான்றாகும்.

அந்நாட்டின் தென்கிழக்கில் வட கரோலினா என்னும் மாநிலம் உளது. 1978-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், அம்மாநிலச் சாலைகளின் ஓரங்களில் சிலர் இரவு வேளைகளில் லாரியை ஓட்டிச் சென்றவாறே ஒருவகை எண்ணெயைக் கசியவிட்டனர். அது மின்மாற்றிகளிலிருந்து எடுக்கப்பட்ட பழைய எண்ணெய். அதில் பி.சி.பி. என்னும் கொடிய வேதிப்பொருள் கலந்திருந்தது. முறைப்படி அதனை ஒழிப்பதற்குப் பெருஞ்செலவு ஆகும். அச்செலவுக்கு அஞ்சியே அவர்கள் இத்தீச்செயலைச் செய்தனர். ஏறத்தாழ 31,000 காலன் எண்ணெய், 14 கவுண்டிகளில், சுமார் 240 மைல் நீளத்துக்குச் சாலையோர மண்ணில் ஊறியது. கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டத்தைப் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு. ஆனால் அதன் ஆட்சிக்குழுவை அங்குள்ள மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். குற்றம் புரிந்தோர் பின்னர்த் தண்டிக்கப்பட்டனர். எனினும், நஞ்சூறிய மண்ணை அகற்றி எங்கேனும் புதைக்க வேண்டிய பொறுப்பு மாநில அரசின்மேல் விழுந்தது.

அரசு பல இடங்களை ஆராய்ந்து, இறுதியில் வாரன் கவுண்டியில் அஃப்டன் என்னும் சிற்றூரின் அருகே ஒரு பண்ணை நிலத்தைத் தேர்ந்தது. வாரன் கவுண்டியினர் வேளாண்மை செய்து வாழ்ந்த எளிய மக்கள். அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். செல்வத்திலும் செல்வாக்கிலும் பின்தங்கிய பகுதி அது. அங்கே நிலத்தடி நீர் மிக ஆழத்தில் இல்லை. சுற்றிலும் வாழ்ந்தோர் கிணற்று நீரையே பருகிவந்தனர். புதைகுழியின் அடித்தளத்துக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 50 அடி இடைவெளி வேண்டும் என்பது நடுவண் அரசின் விதி. இந்த இடத்திற்கு அவ்விதி தளர்த்தப்பட்டது. இதனை அறிந்த ஊரார் வெகுண்டனர். தகுதி நோக்கி நம் ஊரைத் தேர்ந்தார்களா, எளியோர் என்று கருதித் தேர்ந்தார்களா என்னும் ஐயம் அவர்கள் நெஞ்சில் வேர்கொண்டது.

கவுண்டியின் ஆட்சிக்குழு வாளா இருக்கவில்லை. தன் எல்லைக்குள் பி.சி.பி. கழிவைப் புதைத்தல் கூடாது எனக் கட்டளைச் சட்டம் ஒன்றை இயற்றிற்று, நீதிமன்றத்தையும் நாடிற்று. ஆனால், இப்பொருளைப் பற்றி நடுவண் சட்டம் ஒன்று இருத்தலின், அதற்கு மாறான கவுண்டிச் சட்டம் செல்லாது என 1981-இல் நடுவண் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று தன் மண்ணைப் பற்றிச் சொன்ன சொல், சட்டத்தின் முன் வலுவிழந்தது.

மன்றத்தின் குரல் அடங்கிய இடத்தில் மக்களின் குரல் எழுந்தது. 1982-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் நச்சு மண்ணை ஏற்றிய லாரிகள் வரத் தொடங்கின. ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் சாலையில் படுத்து அவற்றை மறித்தனர். அறப்போர் ஆறு வாரங்கள் நீடித்தது. 500 பேருக்கு மேல் சிறைப்படுத்தப்பட்டனர். ஆயினும் லாரிகள் நிற்கவில்லை, மண் புதைக்கப்பட்டது.

கதை அவ்வளவில் முடிந்துவிட்டதா? இல்லை. வறண்டிருத்தற்குரிய அக்குழியில் பிற்காலத்தே பெருமளவு நீர் தேங்கியிருந்தது தெரியவந்தது. ஊராரின் அச்சம் வீண் அச்சமன்று என்பது புலனாயிற்று. தக்க முறை கண்டறியப்பட்டதும் நஞ்சை நீக்குவோம் என்று மாநில ஆளுநர் முன்னர் வாக்களித்திருந்தார். அவ்வாக்கை நிறைவேற்றுமாறு மக்கள் இடைவிடாது வற்புறுத்தினர். முடிவில் அம்மண் தோண்டியெடுக்கப்பட்டு, வெப்பமுறையால் தூய்மை செய்யப்பட்டது. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பணி முடிந்தது. அதற்கு ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் டாலர் செலவாயிற்று. முதலில் மிச்சம் பிடிக்க எண்ணியது முடிவில் பெருஞ்செலவாக வந்து நின்றது.

அஃப்டன் மக்களின் போராட்டம் வேறொரு நன்மையையும் விளைத்தது. அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 1983-இல் ஓர் ஆய்வு நிகழ்த்தியது. தென்கிழக்கு மாநிலங்கள் எட்டில் அப்போது இருந்த பெரிய நச்சுக் கழிவுப் புதைகுழிகள் நான்கு. அவற்றுள் மூன்று, கறுப்பினத்தார் மிகுந்து வாழும் இடங்களிலே அமைந்திருந்தன. வலியார் மறுத்த சுமை எளியார் தலையில் இறங்கும் என்னும் உண்மையை இவ்வாய்வு உலகறியக் காட்டியது. சுற்றுச்சூழல் நீதி என்று இன்று வழங்கும் கொள்கை வளர்ந்ததற்கு வாரன் கவுண்டிப் போராட்டமே பெருங்காரணம் என்பர்.

இதற்கு மாறான முறை ஒன்றைக் கனடா நாட்டின் அல்பெர்ட்டா மாகாணம் கையாண்டது. அம்மாகாணத்தில் எண்ணெய்த் தொழில் மிகுதி. ஆதலின் நச்சுக் கழிவும் மிகுதி. முதலில் அங்கும் தனியார் சிலர் தாமே இடத்தைத் தேர்ந்து ஊராரின் எதிர்ப்பைச் சந்தித்துத் தோல்வியுற்றனர். அதன்பின் அரசு வேறு வழியில் சென்றது. எந்த ஊரின் பெயரையும் அரசு முந்திக் கூறவில்லை. எவ்வகை நிலம் தகாது என்பதை வரைபடங்களில் குறித்துக் காட்டியது. மாகாணமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட விளக்கக் கூட்டங்களை நடத்தியது. ‘விரும்பும் ஊராட்சிகள் முன்வருக, ஆய்வு வேண்டும் ஊருக்கு ஆய்வு செய்து தருவோம், வேண்டா என்று விலகும் ஊரை வற்புறுத்தோம்’ என்பதே அதன் நிலை. பல ஊர்கள் முன்வந்தன. அவற்றுள் பல பின்னர் விலகின. விலகிய ஊர்மேல் எவரும் பழி கூறவில்லை.

எட்மன்டன் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் ஸ்வான் ஹில்ஸ் என்னும் சிறு நகரம் உளது. எண்ணெய்க் கிணறுகளை நம்பி வாழ்ந்த அந்நகரத்தார், எண்ணெய் வற்றினால் பிழைப்புக்கு வழி யாது என எண்ணினர். நகர ஆட்சியினர் செய்தியை மறைக்காமல் மக்கள்முன் வைத்தனர். நன்மை தீமைகளைப் பல கூட்டங்களில் விவாதித்தனர். 1982-இல் பொதுவாக்கெடுப்பும் நிகழ்த்தினர். வாக்களித்தோருள் 79 விழுக்காட்டினர் உடன்பட்டனர். 1984-இல் அவ்விடம் உறுதி செய்யப்பட்டது. 1987-இல் கழிவை அடக்கும் நிலையம் தொழிற்படத் தொடங்கியது. சாலை மறியல் இல்லை, சிறைவாசமும் இல்லை. அஃப்டனுக்கும் ஸ்வான் ஹில்சுக்கும் இடையே உள்ள வேறுபாடு மண்ணில் மட்டும் இருந்ததன்று. ஓர் ஊரினிடம் முடிவு சொல்லப்பட்டது. மற்றோர் ஊரினிடம் முடிவு கேட்கப்பட்டது.

எனினும், ஒருமுறை கேட்டுவிட்டால் போதும் என்று கருதுதலும் பிழை. அந்நிலையம் முதலில் அல்பெர்ட்டாவின் கழிவுக்கென்றே ஏற்பட்டது. வருவாய் குறைந்து நட்டம் மிகவே, 1995 முதல் பிற மாகாணங்களின் கழிவையும் ஏற்க இசைவு அளிக்கப்பட்டது. 1996-இல் எரியுலைப் பகுதியில் பழுது நேர்ந்து, பி.சி.பி. முதலிய நஞ்சுகள் காற்றில் கலந்தன. சுற்றுவட்டாரத்துக் காடுகளில் வேட்டையாடும் விலங்குகளின் இறைச்சியை அளவாகவே உண்ணுக என அரசு எச்சரிக்கை விடுத்தது. வேட்டையும் மீனும் உணவாகக் கொண்ட பூர்வகுடி மக்கள் அவ்வட்டாரத்தில் வாழ்ந்தனர். நகரத்தார் வாக்களித்தபோது, காட்டில் வாழ்ந்த அவர்கள் அவ்வாக்கெடுப்பின் எல்லைக்கு வெளியே இருந்தனர். காற்றோ ஆட்சி எல்லையை அறியாது. ஆகவே, யாரைக் கேட்பது என்பதும் சிந்திக்கத்தக்கதே. கேட்டபோது உரைத்த வரையறைகளைப் பின்னர் மாற்றுங்கால் மீண்டும் கேட்பதும் கடமையாகும்.

மறுக்கும் உரிமை ஊராட்சிக்கு இருந்தால் எந்த ஊரும் ஒருநாளும் உடன்படாது என்று சிலர் கூறுவர். அது முற்றும் உண்மையன்று என்பதற்கு ஸ்வீடன் நாடு சான்று. அணுமின் நிலையத்தில் எரிந்து தீர்ந்த எரிபொருள் நெடுங்காலம் நஞ்சு மாறாதது. அதனைப் பாறைக்கு அடியில் வைத்துக் காப்பதற்கு அந்நாட்டினர் இடம் தேடினர். அங்கே ஊர்மன்றம் ஒப்பாதவழி அரசு இசைவளித்தல் பொதுவாக இயலாது. ஸ்டோருமான் என்னும் ஊரினர் 1995-இலும், மாலோ என்னும் ஊரினர் 1997-இலும் வாக்கெடுப்பில் ‘வேண்டா’ என்றனர். தேடியோர் அவ்வூர்களை விட்டு அகன்றனர். ஊஸ்த்தம்மர் என்னும் ஊரின் எல்லையில் முன்பே அணுமின் நிலையம் உண்டு. அவ்வூர் மன்றம் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2020-இல் உடன்பட்டது; 2022-இல் அரசு இசைவளித்தது. மறுக்கலாம் என்னும் உறுதி உள்ளவர்க்கே அச்சமின்றி ஆராயும் மனம் அமையும். அச்சமின்றி ஆராய்ந்தோர் ஒப்பினால், அவ்வொப்புதல் நிலைத்து நிற்கும்.

இவ்வரலாறுகளிலிருந்து ஊராட்சி மன்றங்கள் ஆற்றத்தக்க பணிகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, திட்டத்தைப் பற்றிய செய்தி முழுவதையும் பெற்று, மக்களுக்கு விளங்கும் எளிய மொழியில் அறிவித்தல். இரண்டாவது, திட்டத்தைக் கொணர்வோர் கூற்றையே நம்பியிராமல், தாமே நம்பத்தக்க வல்லுநரைக் கொண்டு மண்ணையும் நீரையும் ஆராய்தல். மூன்றாவது, எவ்வகைக் கழிவு, எவ்வளவு, எத்தனை ஆண்டு, எவ்வழியே வரும் என்பவற்றை எழுத்து வடிவில் வரையறுத்தல். நான்காவது, தீயும் கசிவும் நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றை முன்னரே வகுத்து வைத்தல். ஐந்தாவது, நிலையம் இயங்கும் காலமெல்லாம் கிணற்று நீரையும் காற்றையும் சோதித்து, முடிவை ஊரறிய வெளியிடல். இடத்துக்கு இசைதலோ மறுத்தலோ ஒருநாட் செயல். காத்தலோ தலைமுறைக் கடமை.

நம் நாட்டிலும் இச்சிக்கல் உண்டு. போபால் நகரில் 1984-ஆம் ஆண்டு நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அத்தொழிற்சாலையில் எஞ்சிய 337 டன் நச்சுக் கழிவு, நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், 2025 சனவரியில் பீதம்பூர் என்னும் தொழில் நகரத்துக்கு எரிப்பதற்காகக் கொண்டுசெல்லப்பட்டது. அங்குள்ள மக்கள் அஞ்சிக் கிளர்ந்தெழுந்தனர். மாநில உயர்நீதிமன்றம் அரசுக்கு ஆறு வாரம் அவகாசம் அளித்தது. அதன்பின் முதலில் சிறு சிறு அளவாக எரித்துச் சோதனை செய்யப்பட்டது. 2025 சூன் இறுதியில் எரிப்பு முடிந்தது. கழிவு வந்தபின் விளக்குவதைவிட, வருமுன் விளக்குதல் எத்துணைச் சிறந்தது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, நச்சுக் கழிவுப் பொது நிலையம் அமைப்பதற்கு முன் அரசின் இசைவைப் பெறவேண்டும் என விதிக்கிறது. அவ்வறிக்கையின் வழியே நடைபெறும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கு முப்பது நாள் முன்னதாக அறிவிப்பு வெளியிடல் வேண்டும். அக்கூட்டத்தில் மக்கள் உரைப்பவை பதிவு செய்யப்படும். முடிவு செய்யும் உரிமை அரசினுடையது. 1992-இல் நிறைவேறிய 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கும் கிராம சபைக்கும் அரசியலமைப்பில் இடம் தந்தது. ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்கவை எனப் பதினோராம் அட்டவணை கூறும் 29 துறைகளுள் குடிநீரும் சுகாதாரமும் உண்டு. குடிநீரைக் காக்கும் கடமையுடைய மன்றம், அக்குடிநீரின் அருகே வரும் நஞ்சைப் பற்றிக் கேள்வி கேளாதிருத்தல் தகுமா?

ஊர்க் காரியத்தை ஊரார் கூடி ஆராய்தல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. ஊரின் நீரைக் காப்பதற்கென்றே ஊரார் ஒரு குழுவை அமைத்த நாடு இது. அன்று ஏரியின் கரையைக் காத்தல் போதுமானதாக இருந்தது. இன்று ஏரியின் நீரையும், அதற்கு அடியில் ஓடும் ஊற்றையும் காத்தல் வேண்டும்.

ஆகவே, கிராம சபை கூடும் நாளில் அதனைத் திருவிழாக் கூட்டம்போல் கண்டு மீளாமல், அங்கே படிக்கப்படும் அறிக்கைகளைச் செவிசாய்த்துக் கேட்டல் குடிமக்களின் கடமை. விளங்காததை வினவுதலும், வினவியதற்கு விடை பெறுதலும் அவர்தம் உரிமை. நச்சுக் கழிவை முற்றும் ஒழித்தல் இன்று இயலாது. எங்கேனும் ஓரிடத்தில் அதனைக் காத்தேயாதல் வேண்டும். அவ்விடம் எதுவாயினும், அங்கு வாழ்வோர் கேட்கப்பட்டும், உண்மை உணர்த்தப்பட்டும், என்றும் காக்கப்பட்டும் இருத்தல் வேண்டும். இன்று பள்ளியில் பயிலும் மாணாக்கரே நாளை ஊராட்சி மன்றத்தில் அமர்வோர். ஒரு நாள் அவர்கள் முன்னும் இத்தகைய திட்டம் ஒன்று வந்து நிற்கக்கூடும். அன்று அவர்கள் அஞ்சி ஓடாமலும், அறியாமல் கையெழுத்திடாமலும், ஆராய்ந்து முடிவு செய்வாராயின், ஊரும் வாழும், நாடும் வாழும்.